சலாவுதீன் பாய்க்குப் புதுநன்மை

2024ஆம் ஆண்டு டிசம்பர் எட்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. தாராவியில் தோல் பை தைக்கும் மிக்கேல்ராஜின் மகள் சுஜாவுக்கு அன்று கிடைத்திருக்க வேண்டிய புதுநன்மை கிடைக்கவில்லை. அதற்கு வேண்டிய முழுத் தகுதியும் அவளுக்கன்று, அவள் தந்தை வேலை செய்யும் பட்டறையின் முதலாளி சலாவுதீன் பாய்க்கே உண்டு என்று தீர்ப்பாகிவிட்டது. தீர்ப்பளித்தவர்கள் கற்றவர்கள், செம்பூரில் குளிரூட்டிய மூன்றாம் மாடியில் அமர்ந்திருப்பவர்கள். சலாவுதீன் பாய் ஐந்து வேளை தொழுபவர் என்பது அவர்களுக்கும் தெரியும். தெரிந்தும் தீர்ப்பை மாற்றவில்லை என்பதே இங்கு முறையீடு.

கத்தோலிக்கக் குழந்தை ஒன்று பூசையில் முதன்முதலாக நற்கருணை அப்பத்தை நாவில் வாங்கும் நாளே புதுநன்மை நாள். அதற்கு முன் அக்குழந்தை ஞான உபதேசம் கற்றுத் தேற வேண்டும். தாராவிக் கோயிலின் பக்கவாட்டு அறையில், ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் அந்த வகுப்பு நடந்து வந்தது. ஆசிரியை தமிழில் சொல்லிக் கொடுப்பார். குழந்தைகள் தமிழில் கேட்டு, இந்தியில் சண்டையிட்டு, மறுபடியும் தமிழில் செபம் சொல்லிவிட்டு வீடு திரும்புவர். இதில் யாருக்கும் எந்தக் குறையும் தோன்றவில்லை. குறையைக் கண்டுபிடிக்கத் தனியே ஒரு நிறுவனம் வேண்டியிருந்தது.

அந்நிறுவனத்தின் பெயர் 'அனைத்துப் பண்பாட்டு அரவணைப்பு இணையவழி மறைக்கல்வி நடுவம்.' ஒரே மூச்சில் சொல்லி முடிக்க இயலாதவர்கள் 'நடுவம்' என்று மட்டும் சொல்லிக்கொள்ளலாம் என்று அதன் சுற்றறிக்கையே சலுகை வழங்கியிருந்தது. அதன் இயக்குநர் முனைவர் ஸ்டெர்லின் நாகர்கோவிலில் பிறந்து, செம்பூரில் வளர்ந்து, கடல் கடந்து சென்று பண்பாடு பயின்றவர். அவருக்குத் தமிழ் தெரியும். அது வெளியே தெரிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளவும் தெரியும். ஆயினும் ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றில், கோயில் முற்றத்தில் கூடியிருந்த பெற்றோருக்காக அவர் தமிழுக்கு இறங்கி வந்தார்.

"அன்பார்ந்த பேரண்ட்ஸ்! உங்கள் ஞாயிறு வகுப்பு தமிழில் நடக்கிறது என்று கேள்விப்பட்டு மிகவும் வேதனைப்பட்டேன். தமிழ் தெரியாத ஒரு குழந்தை இங்கு வந்தால் அதன் மனம் என்ன பாடுபடும்?"

"தமிழ் தெரியாத புள்ள இங்க ஒண்ணுகூட இல்லியே சார்," என்றார் மிக்கேல்ராஜ் பின்வரிசையிலிருந்து.

"கரெக்ட்! அதைத்தான் நானும் சொல்கிறேன். ஒன்றுகூட இல்லை. எவ்வளவு பெரிய விலக்கல், பாருங்கள்!"

மிக்கேல்ராஜ் பார்த்தார். ஒன்றும் தென்படவில்லை. தம் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று எண்ணி உட்கார்ந்துவிட்டார்.

இயக்குநர் தொடர்ந்தார். அறையில் நடந்த வகுப்பு அன்றோடு மூடப்பட்டது. இனி எல்லாப் பங்குக் கோயில்களின் குழந்தைகளுக்கும் ஒரே வகுப்பு, இணையவழியில், ஆங்கிலத்தில். ஆங்கிலம் ஏன் என்று எவரும் கேட்கவில்லை. கேட்டதாக வைத்துக்கொண்டு அவரே விடையும் தந்தார். "பெந்தகோஸ்தே நாளில் திருத்தூதர்கள் பேசியதை அவரவர் தம் சொந்த மொழியில் கேட்டார்கள் அல்லவா? அதே முறைதான். நாங்கள் ஆங்கிலத்தில் பேசுவோம். நீங்கள் உங்கள் மொழியில் கேட்டுக்கொள்ள வேண்டும். இடைப்பட்ட வேலை தூய ஆவியாருடையது. அதில் நடுவம் தலையிடாது."

கைதட்டல் எழுந்தது. கை தட்டியவர்கள் நடுவத்தின் தொண்டர்கள். நிறைவாக இயக்குநர் குரலைத் தாழ்த்தி, "நடுவம் யாரையும் விலக்காது. விலக்குகிறவர்கள் யார் என்று கண்டுபிடித்து, அவர்களை மட்டும் விலக்கும்," என்றார்.

வீட்டில் சேசம்மாள் கணவனைக் கேட்டாள்: "என்னங்க, அவிய என்னத்தச் சொல்லுதாவ?"

"நம்ம எல்லாரையும் சேத்துக்கிடப் போறாவளாம்."

"அப்பம் இத்தன நாளும் நாம வெளியவா கெடந்தோம்?"

அதற்கு விடை நடுவத்திடம் இருந்திருக்கும், ஆனால் அதை ஆங்கிலத்தில் சொல்லியிருக்கும்.

வகுப்பு ஞாயிறு காலையில். மிக்கேல்ராஜின் கைப்பேசியோ பழையது. நடுவத்தின் செயலியை ஏற்க மறுத்துவிட்டது. பட்டறைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை வேலை. ஆகவே அதிகாலைப் பூசை முடிந்ததும் அவர் மகளையும் உடன் அழைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். கடையநல்லூர்க்காரரான சலாவுதீன் பாய் விவரம் கேட்டுவிட்டு, மின்னூட்டத்தில் கிடந்த தம் கைப்பேசியைச் சுட்டிக் காட்டினார்.

"அந்தா கெடக்கு, எடுத்துக்கிடச் சொல்லு மிக்கேலு. புள்ள படிக்கதுக்கு இல்லாத போனு எதுக்குடே?"

அந்தக் கைப்பேசியில் சலாவுதீன் என்ற பெயர் முன்பே குடியிருந்தது. செயலி அதையே எடுத்துக்கொண்டது. பெயரை மாற்ற நடுவத்தின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் கேட்க உள்ளே நுழைய வேண்டும். உள்ளே நுழைய ஒரு பெயர் வேண்டும். "பொறவு மாத்திக்கிடலாம். மொதல்ல வகுப்பக் கேக்கட்டும்," என்றார் பாய். தாராவியில் ஒரு கைப்பேசிக்கு ஒரே ஆள் என்ற வரையறை கிடையாது. எதிர்வீட்டுக் குழாய், பக்கத்து வீட்டு மின்கம்பி, முதலாளியின் கைப்பேசி ஆகியவை யாருக்குத் தேவையோ அவருடையவை. அழைப்பு வந்தால், எந்தக் குரல் கேட்கிறதோ அந்த ஆள்தான் பேசுகிறார் என்று கொள்வது அங்கு வழக்கம். நடுவத்தின் கருவிக்கு அவ்வழக்கம் தெரியாது. அது பெயரை மட்டும் பார்க்கும், முகத்தைப் பார்க்காது. முகத்தைப் பார்த்தால் பாகுபாடு வந்துவிடும் என்பது நடுவத்தின் கொள்கை.

தோல் துண்டுகளின் குவியல்மீது அமர்ந்து சுஜா வகுப்புக் கேட்டாள். முதல் நாளே ஒரு குற்றம் கண்டுபிடிக்கப்பட்டது. அவளுக்குப் பின்னால் தொங்கிய தோல்கள் 'பண்பாட்டைப் பிரதிபலிக்கவில்லை.' ஒவ்வொரு குழந்தைக்கும் பின்னால் அதன் பண்பாடு தெரிய வேண்டும். இல்லாவிட்டால் நடுவமே ஒன்றை அனுப்பிவைக்கும். திரையில் சுஜாவின் பின்னால் ஒரு தென்னந்தோப்பும், ஒரு படகும், நெற்றிப்பட்டம் கட்டிய யானையும் வந்து நின்றன. அவள் தலையை அசைக்கும்போதெல்லாம் யானை அவள் காதை விழுங்கிற்று.

"பப்பா, ஹாத்தி என் காதத் திங்குது!"

"அசையாம இரு மக்கா. அது நம்ம பண்பாடாம்."

"நம்ம பண்பாடா? நான் யானையையே பாத்தது இல்லியே."

"நானும் தூரத்துல நின்னுதான் பாத்திருக்கேன்," என்று மிக்கேல்ராஜ் ஒப்புக்கொண்டார். அன்றுமுதல் ஞாயிறுதோறும் சுஜா காதை இழந்து, கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு இறைவனின் இலக்கணங்களைக் கற்றாள். ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் சேசம்மாளிடம் ஒப்பித்தாள். அப்பம் பல்லில் படாமல் நாவில் கரைய வேண்டும் என்பதற்காக அப்பளத் துண்டுகளை வைத்துப் பழகினாள். ஒரு பொட்டலம் அப்பளம் அந்தப் பயிற்சியிலேயே தீர்ந்தது.

கருவிக்கு மற்றொரு பழக்கமும் உண்டு. வகுப்பின் நடுவே திடீரென்று மணி அடிக்கும். 'நான் இருக்கிறேன்' என்ற பொத்தானை உடனே அழுத்த வேண்டும். அழுத்தாத குழந்தை அன்று முழுவதும் வரவில்லை என்று பதிவாகும். தாராவியில் பொதுக் கழிப்பறை வரிசை மணிக்காகக் காத்திருப்பதில்லை. சுஜா எழுந்து ஓடும்போதெல்லாம், தோல் வெட்டிக்கொண்டிருந்த சலாவுதீன் பாய் கத்தியை வைத்துவிட்டு வந்து பொத்தானை அழுத்தினார். ஒருநாள் மணியோடு ஒரு கேள்வியும் வந்தது: உன்னைப் படைத்தவர் யார்? விடைகளாகச் சில சொற்கள் திரையில் நின்றன. பாய் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டி, எழுத்துக் கூட்டிப் படித்து, 'கடவுள்' என்பதை அழுத்தினார்.

"இதுல என்னடே சந்தேகம்? இதையே மதரஸாலயும் கேட்டான்," என்று சொல்லிவிட்டு மீண்டும் தோலுக்குப் போனார். அதற்கு முழு மதிப்பெண் கிடைத்தது.

பெற்றோருக்கும் ஒரு கூட்டம் உண்டு. 'செவிமடுக்கும் அமர்வு' என்பது அதன் பெயர். அதில் பெற்றோர் அனைவருடைய ஒலிவாங்கியையும் நடுவம் அணைத்து வைத்திருந்தது. ஒருவர் பேசினால் பேசாத மற்றவர் விலக்கப்பட்டதாக உணரக்கூடும் அல்லவா? அங்கே பெயரை மாற்றித் தரும்படி கேட்டுவிடலாம் என்று பாயின் கைப்பேசி வழியே நுழைந்திருந்த மிக்கேல்ராஜ், திரையில் கை உயர்த்தும் குறியை அழுத்தினார். அழுத்திக்கொண்டே இருந்தார். அவரைப் போல் வேறு பலரும் அழுத்தினர்.

இயக்குநரின் முகம் மலர்ந்தது. "எத்தனை கைகள்! உயர்ந்து நிற்கும் இந்தக் கைகள் எல்லாம் ஆராதனைக்காக உயர்ந்தவை என்று எடுத்துக்கொள்கிறேன். உங்கள் மௌனம் நடுவத்தை வளப்படுத்துகிறது. ஆமென்."

திரை அணைந்தது. மிக்கேல்ராஜின் கை மட்டும் சிறிது நேரம் காற்றில் நின்றது.

நவம்பர் இறுதியில் தகுதி பெற்றவர்களின் பெயர்கள் வந்தன. தாராவிப் பங்கில் முதற்பெயர் சலாவுதீன். சுஜா என்ற பெயரே இல்லை. சேசம்மாள் அதற்குள் தாதரில் லேஸ் வாங்கி, வெள்ளைக் கவுனைத் தைத்து முடித்து, மஞ்சள் படாமல் உறைபோட்டுத் தொங்கவிட்டிருந்தாள்.

மிக்கேல்ராஜ் அரைநாள் வேலையை விட்டுச் செம்பூருக்குப் போனார். வரவேற்பு மேசையில் அபயாம்பாள் இருந்தாள். மாட்டுங்காவிலிருந்து நாள்தோறும் வந்துபோகும் அலுவலர்.

"இங்க பாருங்கோ, நான் என்ன பண்ணட்டும்? சிஸ்டத்துல சலாவுதீன்னு ஒருத்தர் இருக்கார். ஒரு நாள் லீவ் போடலே, அமர்க்களமா தேறியிருக்கார். உங்க பொண்ணு பேர்ல ஒண்ணுமே இல்லையே."

"அம்மா, பாய் முஸ்லிமு."

"அது எனக்குத் தெரியறது. சிஸ்டத்துக்குத் தெரியணுமே?" அவள் குரலைத் தாழ்த்தினாள். "என் பேரப் பார்த்தாலே தெரியும், நான் எந்த ஆத்துப் பொண்ணுன்னு. போன வருஷம் எனக்கும் புதுநன்மைக்குத் தகுதின்னு சர்டிஃபிகேட் வந்தது. டெஸ்டிங்குக்காக என் பேரப் போட்டிருந்தா. வாயத் திறக்காம வாங்கி டிராயர்ல வச்சுண்டேன். உள்ள போங்கோ, சார் இருக்கார்."

இயக்குநர் மிக்கேல்ராஜைக் கட்டித் தழுவி வரவேற்றார். நடுவத்தின் சுவரில் 'ஒவ்வொருவரையும் தழுவுவோம்' என்று எழுதியிருந்தது. தழுவி முடித்ததும் கையில் கிருமிநாசினி தடவிக்கொண்டார்.

"சார், ஒரு பிழை நடந்துபோச்சு," என்று தொடங்கினார் மிக்கேல்ராஜ்.

"பிழை என்ற சொல்லை நாங்கள் பயன்படுத்துவதில்லை, மிஸ்டர் மிக்கேல்ராஜ். அது காயப்படுத்தும்."

"ஆர சார்?"

"எங்களை."

மிக்கேல்ராஜ் சொற்களை மாற்றிப் பார்த்தார். "படிச்சது எம் மவ சார். போனுதான் பாயோட போனு."

"அது உங்கள் பார்வை. கருவிக்கு ஒரு பார்வை உண்டு. இரண்டையும் நடுவம் சமமாக மதிக்கிறது. கருவியின் பார்வையை மட்டும் வெளிநாட்டு நன்கொடையாளர்களுக்கு அனுப்பிவிட்டோம்." இயக்குநர் பளபளப்பான ஆண்டறிக்கை ஒன்றை எடுத்து நீட்டினார். அட்டையில் தொப்பியணிந்த யாரோ ஒரு பெரியவர், தென்னந்தோப்பின் முன்னே யானையோடு புன்னகைத்தார். "ஒரு முஸ்லிம் அன்பர், ஒரு வகுப்பும் தவறாமல், எங்கள் அரவணைப்பை நாடித் தாமாகவே வந்திருக்கிறார். இப்படி ஒருவர் வருவார் என்று எத்தனை ஆண்டு காத்திருந்தோம் தெரியுமா?"

"அவிய எங்கயும் நாடி வரல சார். போனு சார்ஜுல கெடந்துச்சு."

"எவ்வளவு எளிமை! அதையும் எழுதிக்கொள்கிறேன்."

"எம் மவளுக்கு என்ன சார் வழி?"

இயக்குநரின் முகத்தில் துயரம் படர்ந்தது. அதற்கும் அவர் பயிற்சி பெற்றிருந்தார். "உங்கள் மகள் ஒரு வகுப்புக்கும் வரவில்லை. வராத குழந்தைக்குக் கொடுத்தால், வராத மற்றக் குழந்தைகளுக்கு அது அநீதி இல்லையா? அடுத்த ஆண்டு வரட்டும். அவளுடைய காத்திருப்பையும் ஒரு பண்பாடாக ஏற்றுக்கொள்கிறோம்."

பட்டறையில் செய்தியைக் கேட்ட சலாவுதீன் பாய், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் முகம் வெளுத்தது. "சிரிப்பு ஒரு பக்கம் கெடக்கட்டும்டே. பாய் மதம் மாறிட்டான்னு எவனாவது வாட்ஸ்அப்புல போட்டுட்டான்னா, ஜமாத்துல நான் என்னன்னு சொல்லுவேன்? ஒங்க கோயிலுக்கும்லா வம்பு வரும்!" சற்று நேரம் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "நானே வாறேன். மேடையில ஏறி, படிச்சது அந்தப் புள்ளதான்னு சொல்லிருதேன். என்னையும் அவளையும் கண்ணால பாத்தா வெளங்காதா? படிச்சவங்கதான அவங்க?"

படிப்பின்மீது பாய்க்கு அவ்வளவு நம்பிக்கை. அவர் ஆறாம் வகுப்போடு நின்றவர்.

பங்குச் சாமியாரையும் மிக்கேல்ராஜ் போய்ப் பார்த்தார். "சாமி, நீங்க கேட்டுப் பாருங்க. அவளுக்கு எல்லாச் செபமும் பாடம்."

சாமியார் சன்னலைச் சாத்தினார். "தெரியும்யா. போன வாரம் நானே கேட்டுப் பாத்தேன், ஒரு எழுத்து பிசகல. ஆனா நடுவத்துல எங்களுக்கும் ஒரு கோர்ஸ் வச்சிருக்காங்க. ரெண்டாம் பாடத்துல நான் ஃபெயிலு. தேறாத சாமியார் யாரையும் தேறினதா சொல்லக்கூடாதாம்."

டிசம்பர் எட்டாம் நாள் வந்தது. சுஜா வெள்ளைக் கவுன் அணிந்தாள். "மேடையில பாய் சொல்லிருவாவ, பொறவு சாமி குடுத்துருவாவ," என்று மிக்கேல்ராஜ் சொல்லியிருந்தார். அதை நம்பி அவள், நற்கருணைக்கு முன் நோன்பிருக்கும் வழக்கப்படி, காலையிலிருந்து பச்சைத் தண்ணீரும் பல்லில் படவிடவில்லை.

முற்றத்துப் பந்தலில் நடுவத்தின் விழா முதலில், பூசை பிறகு. தகுதி பெற்ற குழந்தைகளுக்குத் தொண்டர் ஒருவர் மெழுகுதிரி கொடுத்துக்கொண்டு வந்தார். சலாவுதீன் என்று எழுதிய திரியைப் பாயிடம் நீட்டினார். பாய் வாங்கி, பக்கத்தில் அமர்ந்திருந்த சுஜாவின் கையில் வைத்தார். தொண்டர் அதை அவள் விரல்களிலிருந்து மெல்லப் பிரித்து, மீண்டும் பாயிடமே கொடுத்தார். "மாற்றித் தரக்கூடாதுங்க. ரூல்ஸ்." அவர் அதைச் சொல்லும்போதும் புன்னகைத்தார். நடுவத்தில் புன்னகை கட்டாயம்.

பாய் மேடைக்கு அழைக்கப்பட்டார். சால்வை போர்த்தினர். வெளிநாட்டிலிருந்து திரைவழியாகப் பார்ப்பவர்களுக்காக ஒரு கேமரா அவர் முகத்தருகே வந்தது. ஒலிவாங்கியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, பாய் பொறுமையாகவும் தெளிவாகவும் பேசினார்.

"எல்லாருக்கும் சலாம். நான் எதையும் படிக்கல சார். நான் தோல் வெட்டிக்கிட்டு இருந்தேன். படிச்சது அந்தா வெள்ளக் கவுனுல இருக்கே, மிக்கேல் மவ, அந்தப் புள்ளதான். போனு மட்டுந்தான் என்னோடது. எனக்கு எங்க பள்ளிவாசல் இருக்கு சார். இது அவளுக்குள்ளது, அவளுக்குக் குடுத்துருங்க."

மிக்கேல்ராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். இதற்குமேல் தெளிவாக எந்த மனிதனாலும் பேச முடியாது என்று அவருக்குப்பட்டது.

இயக்குநர் கண்களைத் துடைத்துக்கொண்டு ஒலிவாங்கியை வாங்கி, கேமராவை நோக்கி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். முன்வரிசைகள் எழுந்து நின்று கை தட்டின.

"என்ன மக்கா சொல்லுதாரு?" என்று மிக்கேல்ராஜ் மகளைக் கேட்டார்.

சுஜா கவனித்துக் கேட்டுச் சொன்னாள்: "தோல் வெட்டுறவங்களுக்கும், வெள்ள டிரஸ் போட்ட கேர்ள் சைல்டுக்கும், மசூதிக்கும் நடுவம் எல்லாம் குடுக்குதுன்னு பாய் தேங்க்ஸ் சொல்றாராம். பப்பா, வோ ஜூட் போல் ரஹா ஹை. பாய் அப்படிச் சொல்லவே இல்ல. சார் பொய் சொல்றாரு."

அந்த ஆறு மாதக் கல்வியில் நடுவம் அவளுக்கு நேரில் கற்பித்த பாடம் அது ஒன்றுதான். பாய் மறுபடியும் பேச வாய் திறந்தார், ஒலிவாங்கி அணைக்கப்பட்டிருந்தது. அதை இரண்டுமுறை தட்டிப் பார்த்துவிட்டு, மெழுகுதிரியும் கையுமாக இறங்கி வந்தார். பூசைக்கு அவர் நிற்கவில்லை. சால்வையையும் திரியையும் மிக்கேல்ராஜிடம் கொடுத்து, "என்னைய மன்னிச்சுருடே. நான் தமிழ்லதான சொன்னேன்?" என்று கேட்டுவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

பூசை நடந்தது. நற்கருணை வேளையில் வெள்ளுடைக் குழந்தைகள் வரிசையாக எழுந்தனர். சுஜாவும் எழுந்தாள். அவளை இழுத்து உட்கார வைக்க மிக்கேல்ராஜின் கை போயிற்று. அதைச் சேசம்மாள் பிடித்துக்கொண்டாள். "போட்டும். சாமியும் மனுசன்தான?"

சாமியாரின் அருகே நடுவத்தின் தொண்டர் ஒருவர் கைக்கணினியோடு நின்றார். ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் கேட்டுத் தட்டுவார். பச்சை விளக்கு எரியும். சாமியார் அப்பத்தை எடுப்பார். சுஜாவின் முறை வந்தது. அவள் பெயரைச் சொன்னாள். கைகளைக் கூப்பி, கண்களை மூடி, அப்பளத் துண்டுகளில் பழகியபடியே பல்லில் படாமல் நாவை நீட்டினாள்.

சிவப்பு எரிந்தது.

சாமியார் அதைப் பார்த்தார். சுஜாவைப் பார்த்தார். கையிலிருந்த அப்பத்தைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு, அவள் தலைமேல் கையை வைத்து ஏதோ முணுமுணுத்தார். அது ஆசீராக இருக்கலாம். இரண்டாம் பாடமாகவும் இருக்கலாம். சுஜா கண்களைத் திறந்தாள். நீட்டிய நாவை உள்ளே இழுத்துக்கொண்டு, வாயை மூடி, வரிசையிலிருந்து விலகி நடந்து வந்து தாயின் அருகே அமர்ந்தாள். அழவில்லை. அப்பத்தை நாவில் கரைப்பதுபோல் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். மற்றக் குழந்தைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள் அல்லவா?

வெளியே வரும்போது, மேடையருகே ஒரு திரையில் நடுவம் எல்லாரிடமும் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது: இன்று நீங்கள் எந்த அளவுக்கு அரவணைக்கப்பட்டதாக உணர்ந்தீர்கள்? இரண்டு விடைகள் இருந்தன. ஒன்று 'மிகவும்.' மற்றொன்று 'மிக மிக.' மிக்கேல்ராஜ் நெடுநேரம் அதன் முன் நின்றார். அவருக்குப் பின்னால் வரிசை நீண்டது. இறுதியில் ஒரு தொண்டர் புன்னகையோடு அவர் விரலைப் பிடித்து, 'மிக மிக' என்பதன்மேல் வைத்து அழுத்தினார்.

அந்த வெள்ளைக் கவுன் அடுத்த டிசம்பருக்கு அவளுக்குக் கொள்ளாது.

வாசகரே, இதைப் படித்து வருந்தியதோடு உம் கடமை தீர்ந்தது என்று எண்ணாதீர். உம் வருத்தத்தையும் நடுவம் ஒரு பண்பாடாக ஏற்றுக்கொள்ளும். வரும் ஞாயிறு நீர் பூசைக்குப் போவீர். நற்கருணை வரிசையில் நிற்பீர். சாமியார் உமக்கு நேரே அப்பத்தை உயர்த்துவார். அந்த நொடியில் நாவை நீட்டாதீர். "தாராவி மிக்கேல்ராஜின் மகளுக்குக் கொடுத்தாயிற்றா?" என்று கேளும். உமக்குப் பின்னால் நிற்பவர் முதுகில் இடிப்பார், இடிக்கட்டும். தொண்டர் புன்னகைப்பார், புன்னகைக்கட்டும். கொடுத்தாயிற்று என்ற விடை வரும்வரை அந்த இடத்தைவிட்டு நகராதீர்.